பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் கிறிஸ்தவ மாணவருக்கு: ஜனவரி முதல் ஜூன் வரை

திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமச் சபை ஒன்றில் ஓய்வுநாள் பள்ளியின் மூத்த வகுப்பைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் அந்த வகுப்பிலிருந்து சில பிள்ளைகள் சென்னைக்கும் கோவைக்கும் மதுரைக்கும் பெட்டியுடன் புறப்படுகிறார்கள். இதுவரை அவர்களுடைய விசுவாசத்தை வீட்டின் குடும்ப ஜெபமும், ஞாயிறு ஆராதனையும், மிஷன் பள்ளியில் படித்தவர்களானால் காலை ஜெபமும் சேர்ந்து தாங்கி வந்தன. அந்தத் தாங்கல்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வாரத்தில் நின்றுவிடுகின்றன. அந்த வாரத்துக்கு ஆயத்தமாகும் வேலையை ஜனவரியிலேயே தொடங்கிவிட வேண்டும். தேர்வும் சான்றிதழும் கல்லூரி விண்ணப்பமும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேர்ந்தபின் அதற்கு நேரம் கிடைக்காது.

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். அரசுப் பொதுத்தேர்வு வழக்கமாக மார்ச் மாதத்தில் நடக்கிறது. ஆறு பாடங்கள், 600 மதிப்பெண்கள். அதே மாதத்தில்தான், ஈஸ்டருக்கு முன் நாற்பது நாள் உபவாசித்து ஜெபிக்கும் லெந்து காலமும் வருகிறது. 2025இல் தேர்வு மார்ச் 3 அன்று தொடங்கியது. லெந்து தொடங்கும் திருநீற்றுப் புதன் மார்ச் 5 அன்று வந்தது. ஆகவே உபவாசம், வெள்ளிக்கிழமை லெந்து கூட்டங்கள், பாடகர் குழுப் பயிற்சி ஆகியவற்றில் எவற்றில் கலந்துகொள்வது, எவற்றை இந்த ஆண்டு விடுவது என்று பிப்ரவரியிலேயே பெற்றோரோடும் ஆயரோடும் பேசி முடிவு செய்துவிடுங்கள். ஞாயிறு காலை ஆராதனையை விடாதீர்கள், மற்றவற்றை மனச்சாட்சி உறுத்தாமல் விடலாம் என்பதே நான் என் மாணவர்களுக்குச் சொல்வது. அந்த இரண்டு மணி நேரத்தைப் படிப்புக்குக் கொடுத்ததால் மதிப்பெண் கூடியவரை நான் கண்டதில்லை. தேர்வு நாட்களில் உணவை விட்டு உபவாசிப்பதை நான் ஊக்குவிப்பதில்லை. கைப்பேசியை விட்டு இருப்பதும் ஒரு நல்ல உபவாசமே.

தேர்வுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையில் ஹால் டிக்கெட்டையும் பேனாவையும் கொண்டுவரச் சொல்லி, பிள்ளைகளை முன்னால் முழங்காற்படியிட வைத்து ஜெபிக்கும் வழக்கம் நம் சபைகள் பலவற்றில் இருக்கிறது. அது நல்ல வழக்கம். ஒரு சபை முழுவதும் தன் பெயரைச் சொல்லி மன்றாடியது என்ற நினைவு தேர்வு அறையில் ஒரு பிள்ளைக்குப் பெரும் பலம் தரும். ஆனால் இதே பருவத்தில் இரண்டு காரியங்களில் கவனமாக இருக்க வேண்டும். ஒன்று, டிசம்பர் 31 இரவு ஆராதனையில் கையில் வந்த வாக்குத்தத்த அட்டை, அதாவது புத்தாண்டுக்கென்று வேத வசனம் எழுதித் தரப்படும் அட்டை. உபாகமம் 28ஆம் அதிகாரத்தில் வரும், வாலாக்காமல் தலையாக்குவதைப் பற்றிய வசனம் அந்த அட்டையில் இருந்தால், அதை மாநில அளவிலான மதிப்பெண்ணுக்குக் கிடைத்த உறுதிச்சீட்டாக எண்ணிவிடாதீர்கள். அந்த அதிகாரம் ஒரு மக்களினம் முழுவதும் கடவுளுக்குக் கீழ்ப்படிந்து வாழ்வதைப் பற்றிப் பேசுகிறது. அதை மதிப்பெண்ணோடு கட்டிவைத்து, மதிப்பெண் குறைந்த அன்று வேதத்தையே மூடிவைத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

இன்னொன்று பொருத்தனை, அதாவது கடவுளிடம் செய்யும் நேர்த்திக்கடன். இத்தனை மதிப்பெண் வந்தால் இவ்வளவு காணிக்கை, வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம், ஆலயத்தில் சாட்சி என்று தேர்வு பயத்தில் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறோம். நன்றி சொல்ல ஆசைப்படுவது தவறில்லை. அந்த நன்றியை மதிப்பெண்ணுக்கு நிபந்தனையாக்காமல், தேர்வு முடிந்த நாளிலேயே, முடிவு வருமுன்பே செலுத்திவிடுங்கள். பெற்றோர் உங்கள் பெயரில் பொருத்தனை செய்திருந்தால் அது என்ன என்று இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது காகிதங்கள். இந்தப் பகுதி நீளமாக இருக்கும். ஏனென்றால் நம் பிள்ளைகள் அதிகமாகத் தடுமாறும் இடம் இதுதான். கிறிஸ்தவ வீடுகளில் ஒருவருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று, கூப்பிடும் பெயர் ஒன்று, பள்ளிப் பெயர் ஒன்று என்று இருப்பது சாதாரணம். போதாக்குறைக்கு எபநேசர் என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுத முடியும். பொதுத்தேர்வுக்கு முன்பு பள்ளியில் பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கக் கொடுக்கும்போது, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழையும் ஆதாரையும் பிறப்புச் சான்றிதழையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்; தலைப்பெழுத்தையும் பிறந்த தேதியையும் விட்டுவிடாதீர்கள். அன்று பத்து நிமிடத்தில் திருத்தக்கூடியதைப் பின்னர் திருத்தப் பல மாதங்கள் ஆகும். என் சான்றிதழில் தந்தையின் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டதை நான் கவனியாமல் கையெழுத்துப் போட்டேன். அதைச் சரிசெய்ய அலைந்த நாட்களை இன்றும் மறக்கவில்லை.

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குப் போகிறவரானால் முதல் பட்டதாரி சான்றிதழ் ஆகியவற்றை இ-சேவை மையத்தின் வழியாக ஏப்ரலுக்குள் வாங்கிவிடுங்கள். ஐஐடி, என்ஐடி போன்ற மத்திய அரசு நிறுவனங்களுக்கு விண்ணப்பிப்பதானால் ஓபிசி சான்றிதழ் தனியாக வேண்டும். தமிழ்நாட்டில் கிறிஸ்தவருக்கெனத் தனி உள் ஒதுக்கீடு இப்போது இல்லை. 2007இல் கொடுக்கப்பட்ட 3.5 விழுக்காடு, நம் தலைவர்கள் கேட்டுக்கொண்டபடி 2008இல் திரும்பப் பெறப்பட்டது. ஆகவே கிறிஸ்தவ நாடார் உள்ளிட்ட பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் பொதுவான பிற்படுத்தப்பட்டோர் பிரிவிலேயே வருகின்றனர். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை: அது 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உரியது. நம் மிஷன் பள்ளிகளில் பெரும்பாலானவை அரசு உதவி பெறும் பள்ளிகள். அங்கே படித்தவருக்கு அது கிடையாது. அதை நம்பித் திட்டமிட்டுவிட்டுக் கலந்தாய்வு நேரத்தில் கண்கலங்கிய குடும்பங்கள் உண்டு. அதே சமயம், மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு, தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இந்தக் காகிதம் வெறும் காகிதமாக இருப்பதில்லை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. பின்னர் அது 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விரிவாக்கப்பட்டது, கிறிஸ்தவருக்கு இன்றுவரை இல்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். ஆலயத்துக்குப் போனபின்பும் தெருவில் சாதி விடவில்லை என்றிருக்க, சலுகை மட்டும் விட்டுப்போவது அநீதி என்று திருச்சபைகள் பல்லாண்டுகளாகச் சொல்லி வருகின்றன. நானும் அப்படியே எண்ணுகிறேன். இதனால் வீட்டில் கிறிஸ்தவராகவும் சான்றிதழில் இந்துவாகவும் வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. பெற்றோர் உங்கள் நலனுக்காக எடுத்த முடிவுக்காக உங்கள்மேல் குற்றம் சுமத்த எனக்கு மனமில்லை. ஆனால் ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவராக வாழும் ஒருவர் இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் தம்மை இந்து என்று கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. பதினெட்டு வயதில் நீங்களே கையெழுத்திடப் போகும் விண்ணப்பத்தில் என்ன எழுதப்படுகிறது என்பதை அறிந்து கையெழுத்திடுங்கள். பெற்றோரோடும், நீங்கள் நம்பும் ஆயரோடும், விவரம் அறிந்த வழக்கறிஞரோடும் வெட்கப்படாமல் பேசுங்கள்.

ஆலய அலுவலகத்தில் வாங்க வேண்டியவை: ஞானஸ்நானச் சான்றிதழ், திடப்படுத்தல் அல்லது உறுதிப்பூசுதல் (ஞானஸ்நானத்துக்குப் பின் விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கு) சான்றிதழ், ஆயர் அல்லது பங்குத்தந்தையின் கடிதம். பாளையங்கோட்டையின் தூய யோவான், தூய சவேரியார், சாராள் தக்கர் கல்லூரிகள், சென்னையில் லயோலா, தாம்பரத்தில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி, மதுரையில் அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக் போன்ற சிறுபான்மைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும்போது இவை பயன்படும். சபை அலுவலகத்துக்கு மே மாதத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் வருவார்கள். நீங்கள் ஈஸ்டர் முடிந்ததும் போய்விடுங்கள். இன்னும் திடப்படுத்தல் பெறாதவர்கள் பேராயர் வரும் நாளை விசாரித்து, ஊரை விட்டுப் போகுமுன் அதை முடித்துக்கொள்வது நல்லது. நற்கருணையில் பங்குபெறும் உரிமையோடு போகிற பிள்ளைக்குப் புதிய ஊர் ஆலயத்தில் ஓர் இடம் எளிதாகக் கிடைக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை நினைக்கிறவர்கள் நீட் தேர்வோடு சபையின் பரிந்துரையைப் பற்றியும் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். அப்படிப் பரிந்துரை பெறுகிறவர் படிப்பு முடிந்தபின் குறிப்பிட்ட காலம் பரிந்துரைத்த அமைப்பின் மருத்துவமனையில் பணிசெய்ய ஒப்புக்கொள்கிறார். அது பல வேளைகளில் நகரத்துக்கு வெகு தொலைவில் இருக்கும். அந்த வேலையைச் செய்ய மனம் இல்லையென்றால் அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள்.

இனி, மேலே சொன்ன பொருத்தனை. பிறந்தபோதே ஊழியத்துக்கென்று ஒப்புக்கொடுக்கப்பட்ட பிள்ளைகள் நம் சபைகளில் பலர். பன்னிரண்டாம் வகுப்பு முடியும்போதுதான் அந்தப் பேச்சு வீட்டில் எழும். அழைப்பு உங்கள் உள்ளத்திலும் இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு; தாயின் பொருத்தனை உங்கள் அழைப்புக்குப் பதிலாகிவிடாது. கத்தோலிக்க மாணவர்கள் பள்ளி முடிந்ததும் குருமடத்தில் சேரும் வழி உண்டு. அதற்கு முன் இறையழைத்தல் முகாம்களுக்குப் போய்ப் பாருங்கள். சீர்திருத்தச் சபையினருக்கு நான் தரும் ஆலோசனை, முதலில் ஒரு பட்டம் படியுங்கள் என்பதே. மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி போன்ற இடங்களுக்கு மூன்று ஆண்டு உலக அனுபவத்தோடு போகிறவர் நல்ல ஆயராக வருகிறார். மற்ற படிப்புகளைத் தேர்ந்தெடுப்பவர்கள் தங்களைத் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை. செவிலியர் படிப்பும் கணக்கியலும் வேளாண்மையும் கடவுளுக்கு முன்பாக முழுமையான வேலைகளே. கர்த்தருடைய சித்தம் எது என்று அறிய அடையாளம் கேட்டுக்கொண்டிருப்பதைவிட, அந்தத் துறையில் இருக்கும் இரண்டு பேரைச் சந்தித்து அவர்களுடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேட்பது தெளிவைத் தரும்.

பள்ளியின் கடைசி வாரத்தில் மூன்று பேரைத் தேடிப் போங்கள்: உங்களுக்குக் கற்பித்ததில் நீங்கள் நன்றி சொல்லாமல் விட்ட ஆசிரியர், நீங்கள் பேசாமல் இருக்கும் ஒரு தோழர், பள்ளியைப் பெருக்கித் துடைக்கும் பணியாளர். பிற மதத்து நண்பர்களிடம் விடைபெறும்போது துண்டுப்பிரதி கொடுப்பதற்கு முன், அவர்கள் வீட்டுக்கு ஒருமுறை போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். ஏழு ஆண்டுகள் பக்கத்தில் உட்கார்ந்து உங்களைப் பார்த்ததே அவர்கள் கேட்ட பெரிய பிரசங்கம்.

தேர்வு முடிவு பெரும்பாலும் மே மாதத்தில் வரும். அன்று காலை தனியாக இருக்காதீர்கள். குறைந்தால், தேறாமல் போனால், துணைத் தேர்வு சில வாரங்களிலேயே நடக்கிறது. விடைத்தாள் நகல் கேட்கவும் மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது, அதற்கான நாட்கள் குறைவு என்பதால் உடனே பள்ளிக்குப் போங்கள். பெற்றோருக்கும் சபை மூப்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: நல்ல மதிப்பெண் பெற்றவர்களை மட்டும் அடுத்த ஞாயிறு மேடைக்கு அழைத்துச் சால்வை போர்த்தாதீர்கள், தேறாத பிள்ளை அன்று பின்வரிசையில் உட்கார்ந்திருப்பான், அல்லது வராமலே இருப்பான். வாழ்க்கையே வேண்டாம் என்ற எண்ணம் எழுந்தால், அது பாவம் என்று பயந்து மறைக்காமல் அந்த நிமிடமே யாரிடமாவது சொல்லுங்கள். 104 என்ற அரசு எண்ணில் இதற்கென ஆலோசகர்கள் இருக்கிறார்கள்.

ஊரை விட்டுப் போகிறவர்கள் ஏப்ரல், மே மாதங்களில் ஒரு பழக்கத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும்: யாரும் எழுப்பாமல், யாரும் கேட்காமல், பதினைந்து நிமிடம் வேதம் வாசித்து ஜெபிப்பது. அம்மா கூப்பிட்டபின் வாசிப்பதும் தானாக வாசிப்பதும் வெவ்வேறு பழக்கங்கள்; விடுதியில் இரண்டாவது மட்டுமே நிற்கும். புதிய ஊரில் எந்த ஆலயத்துக்குப் போவது என்பதைப் பெட்டி கட்டுமுன் ஆயரிடம் கேட்டு, முகவரியும் ஆராதனை நேரமும் குறித்துக்கொள்ளுங்கள். சேர்ந்த முதல் ஞாயிறே போய்விடுங்கள். முதல் மூன்று ஞாயிறுகள் துணி துவைப்பதில் போய்விட்டால் நான்காவது ஞாயிறு எழுந்திருப்பது மிகக் கடினம். பெரிய நகரத்து ஆலயத்தில் ஆயிரம் பேர் இருப்பார்கள், ஒருவரும் உங்களைப் பார்த்துச் சிரிக்கமாட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆராதனை முடிந்ததும் ஓடிவிடாமல் வாசலில் நிற்கும் ஆயரிடம் போய், உங்கள் பெயர், ஊர், கல்லூரி, ஊர் ஆயரின் கடிதம் ஆகிய நான்கையும் கொடுத்து, வாலிபர் கூடுகை எந்த நாளில், எந்த அறையில் என்று கேளுங்கள்.