திருகோணமலையில் புதிய கணக்காளர்: வாடிக்கையாளர் முன் தவிர்க்க வேண்டியவை

பட்டயக் கணக்காளராகித் திருகோணமலையிலேயே பணிக்கு அமரும் இளையவர்களிடம் நான் அதிகம் காணும் தவறு, கேட்டவுடன் பதில் சொல்லிவிடுவது. தயங்கினால் படிப்பையே சந்தேகிப்பார்களோ என்ற பயம் வாயை முந்தவைக்கிறது.

நிலாவெளியில் விடுதி நடத்தும் ஒருவர், "தம்பி, நான் வற் வரிக்குப் பதிய வேண்டுமா?" என்று கேட்கிறார் என வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு வருமானம் 50 மில்லியன் ரூபாய். இது 2024இல் நடப்பதாகக் கொள்வோம். வற் (பெறுமதி சேர் வரி) பதிவு கட்டாயமாகும் எல்லை, அந்த ஜனவரியில் வந்தபடி, ஆண்டுக்கு 60 மில்லியன். "தேவையில்லை ஐயா" என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் அதே விதியில் காலாண்டுக்கு 15 மில்லியன் என்ற எல்லையும் இருந்தது. வாடைக்காற்றும் மழையும் வந்துவிட்டால் நம் கடற்கரையில் அறைகள் காலி. வருமானத்தின் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டெம்பர் வரை குவிந்திருந்தால், அந்த ஒரு காலாண்டே அவரை எல்லைக்கு வெளியே தள்ளியிருக்கும். எல்லைகளும் நிலையானவை அல்ல. 2022 ஒக்டோபரில்தான் 300 மில்லியன் 80 ஆகக் குறைந்தது. பதினைந்தே மாதத்தில் அது 60 ஆனது. "மாதவாரி விற்பனையைப் பார்த்து, இன்றைய விதியையும் சரிபார்த்து நாளை சொல்கிறேன் ஐயா" என்பதற்கு எந்த முதலாளியும் முகம் சுளித்து நான் கண்டதில்லை.

அடுத்தது, கொப்பியை அலட்சியப்படுத்துவது. மத்திய வீதிக் கடைக்காரரின் கடன் கொப்பியில் கூட்டல் பிழை இருக்கலாம். ஆனால் யார் எப்போது காசு தருவார் என்பது அதில்தான் இருக்கிறது. கணினிக்கு மாற்றும் அவசரத்தில் அதை மூடிவைப்பவர், வராக்கடனுக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பதை எதை வைத்துத் தீர்மானிப்பார்? கடைக்காரர் பக்கத்தில் அமர்ந்து, அவருடைய சொற்களிலேயே கேளுங்கள்.

தேதிகளைக் கடைசியில் நினைவூட்டுவது இங்கே பெரும் கொடுமை. இறுதி வருமான வரிக் கொடுப்பனவுக்குக் கடைசி நாள் செப்டெம்பர் 30, வரி விவரத்திரட்டைக் கொடுக்க நவம்பர் 30. நவம்பரில் போய் நின்றால் சீசன் பணம் படகுத் திருத்தத்திலும் கூரை வேலையிலும் கரைந்திருக்கும். கையில் பணம் புழங்கும் ஓகஸ்டிலேயே சொல்லுங்கள்.

ஊழியர் சேமலாப நிதியில் கண்ணை மூடாதீர்கள். சம்பளத்தில் 8 வீதத்தைக் கழித்துவிட்டு, தன் 12 வீதத்தோடு சேர்த்துக் கட்டாமல் வைத்திருக்கும் முதலாளியிடம் அதை நேரே சொல்வது சங்கடம்தான். அது தொழிலாளியின் பணம், சொல்லத்தான் வேண்டும்.

இரகசியம் பற்றி ஒரு வார்த்தை. உப்புவெளியில் அடுத்தடுத்த இரண்டு விடுதிகளின் கணக்கும் உங்கள் மேசைக்கே வரலாம். "பக்கத்து ஆளுக்கு இந்த முறை எப்படி?" என்று ஒரு விடுதிக்காரர் தேநீர் ஊற்றியபடி சாதாரணமாகத்தான் கேட்பார். "நல்லது" என்ற ஒற்றைச் சொல்லும் அங்கே தகவல்தான். கேட்டவருடைய சொந்தக் கணக்கைத் திறந்து பேச்சைத் தொடருங்கள்.