அகத்தியர்கூடம்: அதிருமலைக் கொட்டகையில் இரண்டு ராத்திரி தங்க ஒரு வழிகாட்டி

அகத்தியர்கூடம் போக ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "உச்சியில கயிறு பிடிச்சு ஏறணுமாமே, பயமா இருக்குமா?" என்றுதான். அடிவாரக் கொட்டகையில் எப்படித் தூங்குவது என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. முதல் தடவை நானும் கேட்கவில்லை. ஒரு லுங்கியைப் போர்த்திக்கொண்டு, வியர்வை காயாத சட்டையோடு படுத்து, விடிய விடிய நடுங்கினேன். மறுநாள் உச்சிக்குப் போகிற வழியில், பொங்காலப்பாறையில் இரண்டு தொடையும் பிடித்துக்கொண்டது. 1,868 மீட்டர் சிகரம் கண்ணெதிரே நிற்க, நொண்டிக்கொண்டே இறங்கினேன். அதனால் இந்தக் குறிப்பில் தூக்கத்துக்குத்தான் அதிக இடம்.

மலை நமக்குப் பொதிகை, தாமிரபரணி பிறக்கிற மலை. நடைவழி கேரளப் பக்கம், போனக்காட்டிலிருந்து. மொத்தம் மூன்று நாள். முதல் நாள் சுமார் 15 கி.மீ. நடந்து அதிருமலை முகாம். இரண்டாம் நாள் ஏறக்குறைய 6 கி.மீ. ஏறி உச்சி, மறுபடி அதிருமலை. மூன்றாம் நாள் இறக்கம்.

படி 1: அனுமதி

பொங்கல் கழிந்து பிப்ரவரி கடைசி வரைதான் வழக்கமான பருவம். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு உண்டு. கேரள வனத்துறை இணையதளத்தில் முன்பதிவு திறந்த கொஞ்ச நேரத்திலேயே இடம் தீர்ந்துவிடும். அன்று காலை வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். அசல் அடையாள அட்டையும் மருத்துவச் சான்றும் வேண்டும். கட்டணமும் நிபந்தனையும் மாறக்கூடியவை. அந்த வருட அறிவிப்பை ஒரு வரி விடாமல் படியுங்கள். கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, 2019 முதல் பெண்களும் போகிறார்கள்.

அனுமதியில்லாத குறுக்குவழிக்கு யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். 2018 மார்ச்சில் போடி குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை நாம் மறந்திருக்க முடியாது. இந்த வழியிலும் புல்மேடு உண்டு, பிப்ரவரியில் அது காய்ந்து சருகாகிவிடும். பீடி, தீப்பெட்டி எல்லாம் வீட்டில் இருக்கட்டும்.

படி 2: காலுக்குப் பழக்கம்

ஒரு மாதம் போதும். நான் நாகர்கோவில்காரன், ஞாயிறுதோறும் மருந்துவாழ்மலை ஏறி இறங்கினேன். வெறுங்கையோடு ஏறிப் பயனில்லை. கொண்டுபோகப் போகிற பையை அதே எடையோடு முதுகில் போட்டு ஏறுங்கள். புது ஷூவை மலையில் திறப்பு விழா செய்யாதீர்கள்.

படி 3: பை

ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும். கடலோரத்தில் இருக்கிற நமக்கு உச்சி என்பது ஏறக்குறைய 12 டிகிரி குளிர் கூடின இடம், காற்று தனி. ஆனாலும் ஜாக்கெட்டாக வாங்கிக் குவிக்க வேண்டாம். தூங்க மட்டுமென்று ஒரு ஜோடி உடுப்பு: முழுக்கை பனியன், பேன்ட், கம்பளிக் காலுறை, குரங்குக் குல்லா. இதை நடக்கும்போது எந்தக் காரணத்துக்காகவும் போடக்கூடாது. ஒரு நல்ல கம்பளி, தலையில் மாட்டுகிற டார்ச், ஸ்டீல் பாட்டில், மழைக்கோட்டு.

அப்புறம் என் சொந்தக் கண்டுபிடிப்பு, ஒரு வாரத்துப் பழைய பேப்பர். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதல் நாள் மதியத்துக்கு இட்லியைப் பொடியும் நல்லெண்ணெயும் தடவி வாட்டின வாழையிலையில் கட்டுங்கள், கெடாது. கொறிக்கக் கடலைமிட்டாய், கருப்பட்டி, ஏத்தம்பழம். பிளாஸ்டிக், மது, பூஜைப் பொருள் எதற்கும் அனுமதியில்லை. வாசலிலேயே பையைத் திறந்து பார்ப்பார்கள்.

படி 4: போய்ச் சேர்வது

திருவனந்தபுரம், நெடுமங்காடு, விதுரா, போனக்காடு. முந்தின ராத்திரியே விதுரா பக்கம் வந்து தங்கிவிடுங்கள். விடியற்காலை நாகர்கோவிலில் பஸ் ஏறிப் போய்ச் சேரலாம் என்று கணக்குப் போட்டால், தூக்கக் கடன் அங்கேயே ஆரம்பிக்கிறது.

படி 5: முதல் நாள் நடை

பாதிவரை மரநிழல், நடுநடுவே ஓடை. அப்புறம் புல்மேடு, உச்சி வெயில். கடைசியில் ஏழுமடக்கன் தேரி, முட்டிடிச்சான் தேரி. நம்மூரில் தேரி என்றால் செம்மணல் மேடு. இங்கே செங்குத்து ஏற்றம். முட்டி நெஞ்சில் இடிப்பது உண்மைதான். மழை பெய்திருந்தால் அட்டை ஏறும். பிடுங்காமல், அது கடித்திருக்கிற இடத்தில் நகத்தை வைத்துத் தள்ளி எடுங்கள்.

கூட வரும் வழிகாட்டிகளில் இந்த மலையின் பழங்குடிகளான காணிக்காரர்களும் உண்டு. 1987-ல் இந்த மலைக்கு ஆராய்ச்சிக்கு வந்தவர்களுக்கு, களைப்புத் தெரியாமல் நடக்க ஆரோக்கியப்பச்சை என்கிற செடியின் காயைக் காட்டிக்கொடுத்தது இந்தச் சமூகத்துக்காரர்கள்தான். பின்னால் அந்தச் செடியிலிருந்து ஜீவனி என்று மருந்தே வந்தது. அதற்காக நீங்கள் எதையும் பறிக்கக் கூடாது.

படி 6: கொட்டகையில் ராத்திரி

சாயங்காலம் போய்ச் சேர்ந்ததும் எல்லாரும் செல்பி எடுப்பார்கள். நீங்கள் முதலில் ஈர உடுப்பை மாற்றுங்கள். வியர்வை உடம்போடு காற்றில் நின்ற அந்த அரைமணி நேரம்தான் என் முதல் ராத்திரியைக் கெடுத்தது. அடுத்தது இடம் பிடிப்பது. வாசல் பக்கம் வேண்டாம். காற்றும் வரும், ராத்திரி முழுக்க ஆட்களும் மிதித்துப் போவார்கள்.

இப்போது பேப்பர். குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் ஏறும். எனவே பாய்க்கு அடியில் ஐந்தாறு அடுக்காகப் பேப்பரை விரியுங்கள். நனைந்த ஷூவுக்குள் இரண்டு தாளைக் கசக்கித் திணித்தால் காலையில் பாதி ஈரம் போயிருக்கும். சாப்பாட்டுக் கடையில் வெந்நீர் கேட்டு ஸ்டீல் பாட்டிலில் நிரப்பி, காலுறைக்குள் போட்டுப் பாதத்துக்கு நடுவே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அன்று கிடைத்தது கஞ்சியும் பயறும். வயிறு சூடாக இருந்தால் தூக்கம் தானே வரும்.

குறட்டைக்குக் காதில் பஞ்சு. தின்பண்டத்தை மூடின டப்பாவில் வையுங்கள், எலிகள் உங்களைவிடச் சுறுசுறுப்பு. ராத்திரி வெளியே போக வேண்டியிருந்தால் ஒருவரை எழுப்பிக் கூட்டிப் போங்கள், யானைக் காடு. ஒரு தடவை நான் எழுப்பிய வழிகாட்டி, "அண்ணாச்சி, சாயங்காலமே நிறையக் குடிக்காதீங்கன்னு சொன்னேன்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். தண்ணீரை மத்தியானத்துக்குள் குடித்து முடிப்பது உத்தமம்.

படி 7: உச்சியும் திரும்பலும்

பெரிய பையைக் கொட்டகையில் விட்டுவிட்டு, தண்ணீரும் மழைக்கோட்டும் மட்டும் எடுங்கள். கயிறு பிடிக்கிற பாறைகளில் முன்னால் போகிறவர் ஏறி முடிக்கும்வரை நில்லுங்கள். பாறை ஈரமாக இருந்து வழிகாட்டி வேண்டாம் என்றால் வாதாடாதீர்கள். மேலே அகத்தியர் சிலை. வானம் தெளிந்தால் ஒரு பக்கம் காரையாறு அணை, மறுபக்கம் நெய்யாறு, பேப்பாறை நீர்த்தேக்கங்கள். காற்று நெடுநேரம் நிற்க விடாது.

இரண்டாவது ராத்திரிக்கு யோசனையே தேவையில்லை, பாயைக் கண்டதும் கண் சொருகும். படுக்குமுன் தொடைக்குக் கொஞ்சம் தைலம் தேய்த்துவிடுங்கள். இறக்கத்தில் முட்டிதான் முதலில் அழும், ஊன்ற ஒரு கம்பு வேண்டும். போனக்காட்டிலிருந்து கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முதல் நாளே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.