தொட்டியில் மோதிய தாரைகள்

உரும்பிராயில் எங்கள் வெங்காயத் தோட்டத்துத் தொட்டிக்குள் இரண்டு குழாய்கள் நேருக்கு நேர் நீரைப் பாய்ச்சின. மோதிய இடத்தில் நீர் கீழே விழாமல் வட்டத் தகடாக விரிந்தது. அதன் விளிம்பு துளிகளாகச் சிதறி, வெளியே செம்மண்ணைச் சேறாக்கியது. நீரிறைக்கும் இயந்திரத்துக்கு ஊற்றும் எண்ணெய் விற்கிற விலையில் இதைப் பொறுக்க முடியுமா?

சம பருமனோடு சம வேகத்தில் எதிரெதிரே வரும் நீர்த்தாரைகளின் உந்தம், அதாவது நிறையும் வேகமும் சேர்ந்த இயக்க அளவு, ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். மோதும் புள்ளியில் எழும் அழுத்தம் நீரைப் பக்கவாட்டில் தள்ளும். பிரெஞ்சு இயற்பியலாளர் பெலிக்ஸ் சவார் 1833இலேயே இதை ஆராய்ந்தார். தாரைகள் ஒரே பக்கம் சாய்ந்து சந்தித்தால் முன்னோக்கிய உந்தம் மிஞ்சும். கோணம் குறுகக் குறுகச் சிதறல் தணியும்.

ஆகவே எல்போ என்ற வளைவுத் துண்டைப் பொருத்தி, இரு வாய்களையும் கீழ்நோக்கிக் குறுங்கோணத்தில் திருப்பினேன். இப்போது இரண்டும் ஒரே ஓட்டமாகித் தொட்டிக்குள் இறங்குகின்றன. பசை பூசுமுன் இயந்திரத்தை ஓடவிட்டுக் கோணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டிய பின் திருப்ப முடியாது.