‘பொன்’ என்னும் சொல்லைப் பொருளறிந்து ஆளும் முறை

‘பொன்’ என்றதும் நமக்குத் தங்கமே நினைவுக்கு வருகிறது. ஆனால் பழைய நூல்களைப் படிப்பவர் முதலில் இந்தப் பழக்கத்தைச் சற்று ஒதுக்கி வைக்க வேண்டும். சூதாட்டத்தில் கிடைக்கும் வெற்றியைத் ‘தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று’ என்கிறது 931ஆம் குறள். தூண்டில் முள்ளைத் தங்கத்தில் செய்வார் யாருமில்லை. அங்கே பொன் என்பது இரும்பு. உலோகம் எதற்கும் பொதுப்பெயராக இச்சொல் நின்றதால்தான் இரும்பைக் கரும்பொன் என்றும் வெள்ளியை வெண்பொன் என்றும் நிறத்தை முன்னே சேர்த்துப் பிரித்துச் சொல்ல முடிந்தது. ஐந்து உலோகங்களின் கலவையை இன்றும் ஐம்பொன் என்றே சொல்கிறோம். எனவே, பழம்பாடலில் இச்சொல்லைக் கண்டால், பக்கத்தில் எந்தப் பொருள் பேசப்படுகிறது என்று பார்த்த பிறகே பொருள் கொள்ளுங்கள். ‘சுடச்சுடரும் பொன்போல்’ என்று 267ஆம் குறளில் வருவது ஐயத்துக்கு இடமின்றித் தங்கமே.

இன்றைய உரைநடையில் தங்கமும் பொன்னும் ஒன்றுக்கொன்று மாற்றாக எல்லா இடத்திலும் பொருந்துவதில்லை. விலை, எடை, கடன், பதக்கம் ஆகியவற்றைப் பேசும்போது தங்கம் என்று எழுதுவதே இயல்பு. சிறப்பையும் நிறத்தையும் உணர்த்தப் பொன் வேண்டும்: பொன்மொழி, பொற்காலம், பொன்னான வாய்ப்பு. ஐம்பதாம் ஆண்டு நிறைவைப் பொன்விழா என்போமே தவிர, தங்கவிழா என்பதில்லை. மேடையில் போர்த்தும் பொன்னாடையில் குன்றிமணித் தங்கமும் இராது என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. சமையற்குறிப்பில் ‘பொன்னிறமாக வதக்கவும்’ என்பதும் நிறத்தை மட்டுமே சுட்டுகிறது. அடுப்பை மறந்துவிட்டால் வெங்காயம் கரும்பொன் ஆகிவிடும்.

எழுதுவோர் மிகுதியாகத் தடுமாறுவது புணர்ச்சியில், அதாவது இரு சொற்கள் சேரும் இடத்தில்தான். பொன்னாலான குடம், பொன்னாலான சிலை என்பன போன்ற வேற்றுமைப் பொருளில் க, ச, ப வரிசை எழுத்துகள் தொடர்ந்தால், னகர மெய் றகர மெய்யாகத் திரியும் என்பது நன்னூல் விதி. அதனால் பொற்குடம், பொற்சிலை, பொற்பதக்கம் என்று எழுத வேண்டும். த வரிசை எழுத்து வந்தால் அதுவும் சேர்ந்து திரியும். மதுரைக் கோயில் குளத்தின் பெயர் பொற்றாமரை ஆனது இப்படித்தான். உயிர் வந்தால் னகரம் இரட்டிக்கும்: பொன்னெழுத்து, பொன்னாரம். நகரம் வந்தால் அது னகரமாகிப் பொன்னகை, பொன்னிறம் என்றாகும். மகரமும் வகரமும் வந்தால் மாற்றமில்லை. பொன்மணி, பொன்வண்டு என்று அப்படியே எழுதலாம்.

ஆனால் இந்தத் திரிபைக் கண்ட இடத்திலெல்லாம் புகுத்துவதும் பிழையே. ‘பொன் சிறந்தது’ என்ற தொடரில் பொன் எழுவாய். இப்படி வேற்றுமைப் பொருள் இல்லாமல் சொற்கள் சேரும் அல்வழியில் எந்த மெய் வந்தாலும் னகரம் இயல்பாகவே நிற்கும் என்பதால், அதைப் ‘பொற்சிறந்தது’ என்று எழுதக் கூடாது.