ஜாவா செயலி தரவுத்தளத்தோடு பேச மறுத்தால் எங்கே தொடங்குவது?

பாளையங்கோட்டையில் என் வீட்டு மாடிக்கு ஜாவா படிக்க வரும் பையன்களில் ஒருவன், பத்தமடையில் பாய்க்கடை வைத்திருக்கும் தன் மாமாவுக்காகக் கணக்குச் செயலி எழுதினான். இருப்பு, விற்பனை, பாக்கி என்று மூன்றே அட்டவணைகள். மடிக்கணினியை என் முன்னால் வைத்து, "நிரலில் தப்பே இல்லை அண்ணாச்சி, ஆனால் ஓடமாட்டேன் என்கிறது" என்றான். திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. அவன் படித்திருந்தது முதல் வரியை மட்டும்.

முதல் படி: பிழைச்செய்தியைக் கீழிருந்து படியுங்கள். டாம்கேட் என்பது ஜாவா வலைச்செயலிகளை ஓட்டும் சர்வர்; அதன் லாக்ஸ் கோப்புறையைத் திறந்து, 'காஸ்ட் பை' என்று தொடங்கும் வரிகளில் கடைசியானதைத் தேடுங்கள். மூலக்காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அவனுக்கு வந்திருந்தது 'கிளாஸ் நாட் ஃபவுண்ட்' (வகுப்பு கிடைக்கவில்லை), பக்கத்தில் மைஎஸ்கியூஎல் டிரைவரின் பெயர். மைஎஸ்கியூஎல் அவனுடைய தரவுத்தளம்; ஜாவாவை அதோடு பேசவைக்கும் நிரல்தொகுப்புதான் டிரைவர். அதாவது செயலி இன்னும் தரவுத்தளத்தின் வாசலுக்கே போகவில்லை. இவனோ ராத்திரி முழுக்கக் கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறான்!

இரண்டாம் படி: டிரைவரின் வகுப்புகளைக் கட்டி வைத்திருக்கும் ஜார் கோப்பு எங்கே இருக்கிறது? தொடக்கக்காரர்கள் அதிகம் வழுக்குவது இங்கேதான். நிரல் எழுத உதவும் எக்லிப்ஸின் பில்ட் பாத்தில் ஜாரைச் சேர்த்தால் நிரல் தொகுக்கப்பட்டுவிடும். ஆனால் சர்வருக்குப் போகும் செயலிக்குள் அது போய்ச் சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. கோரை வீட்டு மூலையில் கட்டாகக் கிடந்தால் போதாது, தறிக்கு வந்தால்தான் பாய். வெப்ஆப்ஸ் கோப்புறையில் உங்கள் செயலிக்குள் நுழைந்து, வெப்-இன்ஃப் என்பதற்குள் இருக்கும் லிப் கோப்புறையில் ஜார் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். நூலகங்களைத் திரட்டிப் பொதி கட்டும் மேவன் கருவியைப் பயன்படுத்துபவர்கள், டிரைவருக்கு 'புரொவைடட்' என்று எழுதியிருந்தால் அதை நீக்குங்கள். அந்தச் சொல் இருந்தால் ஜார் பொதியில் சேராது.

டாம்கேட் ஒவ்வொரு செயலிக்கும் வகுப்புகளைத் தேடி ஏற்றும் தனி கிளாஸ்லோடர் ஒன்றைக் கொடுக்கிறது. ஜாவாவின் அடிப்படை வகுப்புகளைத் தவிர மற்றவற்றை அது பெரும்பாலும் முதலில் செயலியின் கோப்புறைகளில் தேடும். அங்கே இல்லாவிட்டால்தான் சர்வரின் பொதுவான லிப்புக்குப் போகும். ஒரு விதிவிலக்கு உண்டு. இணைப்பை கான்டெக்ஸ்ட் என்ற அமைப்புக் கோப்பில் 'ரிசோர்ஸ்' ஆக எழுதியிருந்தால், இணைப்புக் குளத்தை, அதாவது திறந்து தயாராக வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பை, உருவாக்குவது டாம்கேட்டே. அப்போது ஜார் டாம்கேட்டின் லிப்பில் இருக்க வேண்டும். பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று இரண்டு இடத்திலும் போட்டுவிடாதீர்கள். இரண்டு லோடர்கள் ஏற்றிய ஒரே வகுப்பு ஜாவாவின் கண்ணுக்கு இரண்டு வகுப்புகள். 'இந்த வகுப்பை இதே வகுப்பாக மாற்ற முடியாது' என்று விசித்திரமாகப் பிழை வரும்.

'நோ சூட்டபிள் டிரைவர்' என்று வந்தால், இணைப்பு முகவரியின் தொடக்கத்தில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பாருங்கள். முகவரி சரி என்றால், கிளாஸ் டாட் ஃபார்நேம் வழியாக டிரைவரை நீங்களே ஏற்றிப் பாருங்கள்.

மூன்றாம் படி: வாசல். 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்றால் தரவுத்தளம் ஓடவில்லை, அல்லது போர்ட் எண் தவறு. வழக்கமாக மைஎஸ்கியூஎல்லுக்கு 3306, இன்னொரு தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ்ஸுக்கு 5432. 'ஆக்சஸ் டினைடு' வந்தால் ஒரு வகையில் நல்ல செய்தி: வாசல்வரை வந்துவிட்டீர்கள், இனி பெயரும் கடவுச்சொல்லும்தான். மைஎஸ்கியூஎல் பயனர் பெயரோடு அவர் எந்தக் கணினியிலிருந்து வருகிறார் என்பதையும் பார்க்கும். லோக்கல்ஹோஸ்ட்டிலிருந்து, அதாவது தரவுத்தளம் ஓடும் அதே கணினியிலிருந்து, மட்டும் அனுமதி பெற்றவர் வேறு கணினியிலிருந்து வந்தால் உள்ளே விடாது.

இவ்வளவும் சரியாகி, செயலி பத்தமடைக்குப் போனது. மறுநாள் காலை கடை திறந்ததும் தொலைபேசி: "நேற்று ஓடியது, இன்று செத்துக் கிடக்கிறது அண்ணாச்சி." ஒரே இணைப்பை, செயலி ஓடும்வரை அழியாத ஸ்டாட்டிக் மாறியில் வைத்துக்கொண்டு காலம் தள்ளியிருக்கிறான். சும்மா கிடக்கும் இணைப்பை மைஎஸ்கியூஎல் 28,800 விநாடிகளில், அதாவது எட்டு மணி நேரத்தில், தானே துண்டித்துவிடும். கடை பூட்டிக் கிடந்தது பன்னிரண்டு மணி நேரம்.

நான்காம் படி அதற்குத்தான்: டாம்கேட்டின் இணைப்புக் குளத்துக்கு மாறுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் இணைப்பை எடுத்து, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுங்கள். அவனும் மாறினான்; எடுத்தான், கொடுக்க மறந்தான். இயல்பு அமைப்பில் குளத்தில் எட்டு இணைப்புகள்தான். ஒன்பதாவது பில் போடும்போது திரை அப்படியே உறைந்து நின்றது. பிழைச்செய்தி ஒரு வரிகூட இல்லை. இணைப்பு எடுக்கும் இடங்களை எல்லாம் 'டிரை-வித்-ரிசோர்சஸ்' அடைப்புக்குள் கொண்டுவந்தோம். ஜாவா 7 முதல் இருக்கும் வசதி இது, அடைப்பு முடிந்ததும் இணைப்பு தானே திரும்பிவிடும். பத்தாவது பில் ஒரு பட்டுப்பாய்க்கு.