பழைய பட்டுப் பூவேலை வாங்குமுன் திருப்பிப் பாருங்கள்

அமெரிக்காவில் 1880களில் தொடங்கி முதல் உலகப் போர்க்காலம் வரைக்கும் வீட்டுத் துணிகளில் பட்டு நூலால் பூ தைப்பது பெரிய வழக்கமாக இருந்தது. லினன் துணியில் பூவின் கோடுகளை அச்சடித்து விற்பார்கள். வாங்கிப் போய் வீட்டில் பட்டு நூலால் நிரப்புவார்கள். மேசை நடுவில் விரிக்கும் வட்டத்துணி, கோப்பைக்கு அடியில் போடும் டாய்லி, தட்டுத்துணி, மெத்தைத் திண்டு உறை என்று எல்லாவற்றிலும் வயலட், பான்சி, ரோஜா, ஸ்ட்ராபெர்ரி, கிறிஸ்துமஸ் காலத்து ஹாலி இலை. சேகரிப்பவர்கள் இதை 'சொசைட்டி சில்க்' என்கிறோம். நான் மேற்கு மாசசூசெட்ஸில் இருக்கிறேன். இந்த நூலைத் தயாரித்த ஊர்கள் சில இங்கிருந்து காரில் போய் வரும் தூரம்தான். பல வருடங்களாகச் சேகரிக்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்ததை இங்கே எழுதுகிறேன்.

துணியைக் கையில் எடுத்ததும் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். முன்பக்கத்தைப் பார்த்து மயங்குவதெல்லாம் அப்புறம். நூறு வருடத்துக்கு மேல் மேசையில் கிடந்த துணியின் முகத்தை வெயில் தின்றிருக்கும். பின்பக்கம் இருட்டிலேயே இருந்ததால், தைத்த அன்றைய நிறம் அங்கே இருக்கும். என்னிடம் ஒரு பான்சி வட்டத்துணி இருக்கிறது. முன்னால் பார்த்தால் இதழெல்லாம் வெளுத்த தேநீர் நிறம், நடுவில் மங்கிய மஞ்சள். திருப்பினால் கத்தரிப்பூ ஊதா, அதற்குள் கருஞ்சிவப்பு, இதழின் விளிம்பில் கிளிப்பச்சை கலந்த ஒரு வரி. 1856இல் வில்லியம் பெர்க்கின் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்த பிறகு வரிசையாக வந்த சாயங்களில் பல, பளீரென்று இருந்தாலும் வெயிலைத் தாங்காதவை. ஆகவே முன்னும் பின்னும் நிறம் எவ்வளவு வேறுபடுகிறது என்பதை வைத்தே அந்தத் துணி எப்படி வாழ்ந்தது என்று சொல்லிவிடலாம். இரண்டு பக்கமும் ஒரே நிறம் என்றால், யாரோ அதை பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்கள். அதை யோசிக்காமல் வாங்கலாம்.

பின்பக்கம் இன்னும் இரண்டு விஷயம் சொல்லும். ஒன்று, சாயம் இறங்கிய கறை. சிவப்பு நூலைச் சுற்றி ரோஸ் நிறத்தில் ஒரு வளையம் இருந்தால் யாரோ துவைத்துப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு, தைத்தவரின் கை. நல்ல கைவேலையில் முடிச்சே இருக்காது. பூவேலை பிறகு மூடிவிடும் இடத்தில் இரண்டு மூன்று ஓட்டுத்தையல் போட்டு நூலைத் தொடங்குவார்கள். ஒரு இலையிலிருந்து அடுத்த இலைக்கு வெற்றுத் துணியைத் தாண்டி நூலை இழுத்திருக்க மாட்டார்கள்.

அடுத்து, நூல் பட்டுதானா என்று பார்க்க வேண்டும். விற்பவர்கள் பளபளப்பாக இருக்கும் எல்லாவற்றையும் பட்டு என்றுதான் சொல்வார்கள். துணியை ஜன்னல் பக்கம் கொண்டுபோய், தரைக்கு இணையாகப் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். பட்டாக இருந்தால் ஒரு இதழ் இருண்டு பக்கத்து இதழ் ஒளிரும். இன்னும் கொஞ்சம் சுற்றினால் அது மாறிவிடும். பட்டு இழையின் குறுக்குவெட்டு ஏறக்குறைய முக்கோணம் என்பதால் ஒளி அதில் பட்டுத் திரும்புகிற விதம் அப்படி. மெர்சரைஸ்டு பருத்தியில், அதாவது காரக் கரைசலில் போட்டுப் பளபளப்பாக்கிய பருத்தி நூலில், பளபளப்பு உண்டு, ஆனால் இந்த மாற்றம் இவ்வளவு இருக்காது. நூலின் முறுக்கும் கண்ணுக்குத் தெரியும். ரேயான் கண்ணாடி மாதிரி ஒரே சீராகப் பளிச்சிடும், தொட்டால் வழவழவென்று கொஞ்சம் கனமாக இருக்கும். ரேயான் நூல் கொண்ட துணி என்றால் பெரும்பாலும் பிந்திய காலத்தது. அதிலும் அழகானவை உண்டு, ஆனால் விலை வேறு.

சந்தேகம் தீரவில்லையென்றால், துணி உங்களுடையதாகிய பிறகு, பின்னால் தொங்கும் நூல் நுனியில் ஒரு சிறு துண்டை வெட்டி, இடுக்கியில் பிடித்து, பீங்கான் தட்டின் மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பட்டு என்றால் முடி கருகும் வாடை அடிக்கும், தீயை எடுத்ததும் அணையும், விரலால் நசுக்கினால் பொடியாகும் கருப்பு மணியை விட்டுவிட்டுப் போகும். பருத்தியும் ரேயானும் காகிதம் எரியும் வாடையோடு எரிந்து சாம்பலாகும்.

இப்போது முன்பக்கத்துக்கு வருவோம். லண்டனில் 1872இல் தொடங்கிய ராயல் ஸ்கூல் ஆஃப் ஆர்ட் நீடில்வொர்க்கின் தையல்களை 1876இல் பிலடெல்பியா நூற்றாண்டுக் கண்காட்சியில் வைத்தார்கள். அதைப் பார்த்த அமெரிக்கத் துணி வடிவமைப்பாளர் கேண்டஸ் வீலர் மறுவருடமே நியூயார்க்கில் சொசைட்டி ஆஃப் டெகரேட்டிவ் ஆர்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார். பெண்கள் வீட்டிலிருந்தே கைவேலை செய்து சம்பாதிக்க வழி செய்வது அதன் நோக்கம். அந்தக் கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்காவெங்கும் பரவியது கென்சிங்டன் தையல். ஒரு தையல் நீளம், அடுத்தது குட்டை என்று மாறி மாறிப் போட்டு, அடுத்த வரிசையை முந்தைய வரிசைக்குள் செருகிக்கொண்டே போவது. இப்படித்தான் வெளிர் ரோஸ் எங்கே முடிந்து அடர் ரோஸ் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் கலக்க முடிகிறது.

நகைக்கடையில் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. அதை வைத்து ஒரே ஒரு இதழைப் பாருங்கள். தையல்கள் எல்லாம் பூவின் நடுவை நோக்கிச் சாய வேண்டும். இதழ் மடங்கித் திரும்பும் இடத்தில் தையலின் திசையும் திரும்ப வேண்டும்; அந்த இடம் அடியில் இன்னொரு அடுக்குத் தையல் கொடுத்துச் சற்று மேடாக இருந்தால், அவர் கைதேர்ந்தவர். இந்த வேலைக்கு ஃபிலோ என்ற மெல்லிய நூலை ஒற்றையாகக் கோத்துத்தான் தைப்பார்கள். அவசரக்காரர்கள் இரட்டையாகக் கோத்திருப்பார்கள், பூ தடித்துப் போயிருக்கும். நிறங்களை எண்ணிப் பாருங்கள். ஒரு ரோஜாவுக்குள் ஐந்தாறு சாயல் கலந்திருந்தால் அது நேரம் கொடுத்துச் செய்தது. அப்புறம் ஓரம்: அலை அலையாக ஓடும் காஜா தையல் நெருக்கமாக, சம உயரத்தில், துணி எட்டிப் பார்க்காமல் இருக்க வேண்டும். பூவை ஆசையாகத் தைத்துவிட்டு ஓரத்தில் களைத்துப்போனவர்கள் நிறையப் பேர். எனக்கு அந்தத் துணிகள் மேலும் பிரியம் உண்டு, ஆனால் அதற்கு முழு விலை கொடுக்க வேண்டாம்.

இந்தச் சேகரிப்பில் நான் அதிகம் ரசிக்கும் பகுதி, ஒரு துணியின் மூலத்தைக் கண்டுபிடிப்பது. நூல் கம்பெனிகள் தங்கள் நூலை விற்பதற்காகவே தையல் புத்தகம் போட்டார்கள். கனெக்டிகட் மாநிலத்து நியூ லண்டனில் இருந்த பிரெய்னர்ட் அண்ட் ஆர்ம்ஸ்ட்ராங் கம்பெனி வண்ணப் படங்களோடு பாடப் புத்தகங்கள் வெளியிட்டது. எங்கள் பக்கத்து ஃப்ளோரன்ஸில், அதாவது நார்த்தாம்ப்டனில், நோனோடக் சில்க் கம்பெனி கார்ட்டிசெல்லி என்ற பெயரில் நூல் விற்றது. நூலோடு விளையாடும் பூனைக்குட்டிதான் அதன் சின்னம். ஃப்ளோரன்ஸிலிருந்து 1899இல் ஹோம் நீடில்வொர்க் என்ற பத்திரிகையும் வரத் தொடங்கியது. ஃப்ளோரன்ஸின் பட்டுக்கு இன்னும் முந்தைய கதை உண்டு. 1842இல் அடிமை முறையை எதிர்த்தவர்கள் சேர்ந்து அங்கே ஒரு கூட்டு வாழ்க்கைச் சமூகம் அமைத்து, முசுக்கொட்டை வளர்த்துப் பட்டு நூல் செய்து பிழைக்கப் பார்த்தார்கள். அடிமையாகப் பிறந்து, பிறகு அடிமை முறைக்கு எதிராகப் பேசிய சோஜர்னர் ட்ரூத் அங்கே வாழ்ந்தவர். அந்தச் சமூகம் சில வருடங்களில் கலைந்தது. பட்டுத் தொழில் மட்டும் ஊரில் தங்கி, ஆசியாவிலிருந்து வரும் கச்சாப் பட்டில் வளர்ந்தது.

அந்தப் பழைய புத்தகங்கள் பலவற்றை இப்போது இன்டர்நெட் ஆர்கைவ், ஆன்டிக் பேட்டர்ன் லைப்ரரி என்ற இணையதளங்களில் இலவசமாகப் பார்க்கலாம். ஒவ்வொரு பூவுக்கும் எந்த எண் நூல், எந்த இதழுக்கு எந்தச் சாயல் என்று அதில் இருக்கும். கையில் உள்ள துணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புரட்டுங்கள். டிசைன் பொருந்தினால் காலம் தெரிந்துவிடும். அதைவிட, தைத்தவர் புத்தகம் சொன்னதை எங்கே மீறியிருக்கிறார் என்று தெரியும். அந்த மீறல் உள்ள துணிகளை நான் தேடித்தேடி வாங்குகிறேன். புத்தகம் மஞ்சள் என்று சொன்ன நாஸ்டர்ஷியம் பூவை ஒருவர் செங்கல் நிறத்தில் தைத்திருந்தால், அது அவருடைய வீட்டு முற்றத்தில் பூத்ததாக இருக்கலாம்.

எந்தச் சேதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்? லினன் பழுப்பேறியிருந்தால் பரவாயில்லை. லேசான தேநீர்க் கறை, பரவாயில்லை. பட்டு நூல் உடைந்து, விரல் பட்டால் தூளாக உதிர்ந்தால் வேண்டாம். அதைச் சரிசெய்ய வழியில்லை. காம்பும் பூவின் நடுவும் பழுப்பாகவோ கருப்பாகவோ இருக்கும் இடத்தை முதலில் பாருங்கள். இரும்பு உப்பு சேர்த்த சாயங்கள் இழையை அரித்துவிடும். மற்ற இதழெல்லாம் நன்றாக இருக்க, கருப்பு வரி மட்டும் காணாமல் போய் அடியில் அச்சடித்த நீலக்கோடு தெரியும். வெள்ளைவெளேரென்று இருக்கும் லினனும் எச்சரிக்கைதான். யாரோ ப்ளீச் போட்டிருக்கலாம்.

துவைப்பதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல துணிகள் அதிகம் கெடுவது வாங்கிய முதல் வாரத்தில்தான். குளோரின் ப்ளீச் பட்டைக் கரைத்துவிடும், மங்கச் செய்வதோடு நிற்காது. ஆக்சிஜன் ப்ளீச் காரத்தன்மை கொண்டது, அதுவும் பட்டுக்கு ஆகாது. என்சைம் கலந்த சலவைத்தூள் புரதத்தைத் தின்பதற்கென்றே செய்தது, பட்டும் புரதம்தான். லினனுக்காக எலுமிச்சைச் சாறு தடவி வெயிலில் போடச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

தண்ணீரே தொடலாமா என்று ஒவ்வொரு நிறமாகச் சோதியுங்கள். பஞ்சுக்குச்சியைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்து, பின்பக்கத்தில் நூலின் மேல் வைத்து ஒரு நிமிடம் அழுத்துங்கள். தேய்க்க வேண்டாம். சிவப்பு, ஊதா இரண்டையும் இரண்டு மூன்று இடங்களில் பாருங்கள். பஞ்சில் துளி நிறம் வந்தாலும் துவைக்காதீர்கள். அப்படிப்பட்ட துணியின் மேல் நைலான் வலையை விரித்து, வாக்குவம் கிளீனரைக் குறைந்த வேகத்தில் வைத்துத் தூசியை மட்டும் எடுத்துவிட்டு அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

நிறம் வரவில்லையென்றால், அகலமான தட்டில் காய்ச்சி வடித்த குளிர்ந்த நீர், அதில் ஆர்வஸ் பேஸ்ட் என்ற மென்மையான சலவைப் பசை கொஞ்சம். துணியை வலையின் மேல் விரித்தபடியே இறக்குங்கள், வலையோடு தூக்குங்கள். ஈரத் துணியைத் தனியாகத் தூக்கினால் அதன் கனமே பழைய நூலை அறுக்கும். நுரை போகும்வரை நீர் மாற்றுங்கள். பிழியக் கூடாது. வெள்ளைத் துவாலையால் ஒற்றி, பூ மேலே பார்க்க விரித்து, மின்விசிறிக்குக் கீழே சீக்கிரம் காயவிடுங்கள். மெதுவாகக் காய்ந்தால் சாயம் நகர நேரம் கிடைத்துவிடும். இஸ்திரி போட்டே ஆக வேண்டுமென்றால் தடித்த துவாலையில் பூவைக் கவிழ்த்து, குறைந்த சூட்டில், பின்பக்கம் மட்டும். கஞ்சி போடாதீர்கள், வெள்ளிப்பூச்சி வந்துவிடும்.

சேமிப்பதற்கு அமிலமில்லாத காகிதமும் அட்டைப்பெட்டியும் போதும். சின்ன டாய்லிகளை மடிக்காமல் தட்டையாக வையுங்கள். பெரியவற்றைக் குழாயில் சுற்றுங்கள், பூவேலை வெளிப்பக்கம் பார்க்க. மடித்துத்தான் ஆக வேண்டுமென்றால், நம் வீட்டில் பட்டுப்புடவையை மடிப்பு மாற்றி வைப்பது போல அவ்வப்போது மாற்றி மடியுங்கள், மடிப்புக்குள் காகிதத்தைச் சுருட்டி வையுங்கள். பிளாஸ்டிக் உறையில் மூடி வைக்க வேண்டாம், மர பீரோவில் நேராகவும் வேண்டாம், அந்துருண்டையும் வேண்டாம். புதிதாக வாங்கியதில் பூச்சி இருக்குமோ என்று தோன்றினால், பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி மூடி, மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு அறைச்சூட்டுக்கு வரும்வரை பையைத் திறக்காதீர்கள். சுவரில் மாட்டினால் வெயில் படாத சுவரில் சில மாதங்கள் மட்டும் மாட்டி, பிறகு வேறொன்றை மாற்றுங்கள். அருங்காட்சியகங்கள் பட்டுக்கு 50 லக்ஸ் வெளிச்சம்தான் கொடுக்கின்றன. வரவேற்பறை ஜன்னல் அதைப்போலப் பல மடங்கு.

எங்கே வாங்குவது? மே, ஜூலை, செப்டம்பரில் கூடும் பிரிம்ஃபீல்டு பழம்பொருள் சந்தை எனக்குப் பக்கம். முதல் நாளே போங்கள், ஆனால் கண்ணாடிச் சாமான் கடைகளுக்குப் போங்கள். துணி விற்பவர்கள் விலை தெரிந்தவர்கள், தட்டு விற்பவர்கள் துணியைக் கூடையில் போட்டிருப்பார்கள். வீட்டுச் சாமான் விற்பனைகளும் தேவாலயச் சந்தைகளும் நல்ல இடம். ஒரு சின்ன டாய்லி 10, 20 டாலருக்குள் கிடைக்கும். இணையத்தில் வாங்கினால், பின்பக்கப் படம் கேளுங்கள். சாய்ந்த வெளிச்சத்தில் ஒரு பூவின் நெருக்கப் படமும் கேளுங்கள். அனுப்ப மறுக்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

பாதியில் நிற்கும் துணிகளையும் விடாதீர்கள். பாதி தைத்து, மீதி நீலக்கோடாகவே இருக்கும் துணி, எந்தப் பூவை முதலில் தொடங்கினார், இலையை எப்போது தொட்டார் என்று வேலையின் வரிசையையே காட்டும். அதைப் புது நூலால் முடித்து வைக்காதீர்கள். ஊசி குத்தியபடி இருந்தால் எடுத்துவிடுங்கள், துருப்பிடித்துத் துணியில் ஓட்டை விழும். கூட வந்த நூல், காகித உறை எதையும் பிரிக்காமல் சேர்த்தே வையுங்கள். ஒவ்வொரு துணியோடும் ஒரு துண்டு அமிலமில்லாக் காகிதம்: எங்கே வாங்கியது, எந்த வீட்டிலிருந்து வந்தது, எந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கத்து டிசைன், எந்த நிறம் ஈரத்துக்கு ஓடும். குண்டூசி வேண்டாம், பக்கத்தில் வைத்தால் போதும். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை என்றைக்காவது ஈரம் பட்டால் துணிக்குள் இறங்கும்.