மலைப்பகுதி ஆய்வகத்தில் நுண்பாசிக்குக் கரியமில வாயு செலுத்துதல்

உதகமண்டலம் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்குள்ள காற்றழுத்தம் கடல்மட்ட அழுத்தத்தில் முக்கால் பங்கை ஒட்டியே இருக்கிறது. ஆகவே சமவெளியில் எழுதப்பட்ட செய்முறை காற்றுடன் 1 சதவீதம் கரியமில வாயு கலக்கச் சொன்னால், அதே 1 சதவீதம் இங்கே நீரில் குறைவாகத்தான் கரையும். குளிர்ந்த நீரில் வாயு கூடுதலாகக் கரைவதால், பாசி வளரும் திரவம் (வளர்ப்பு) 15 பாகை செல்சியஸில் இருந்தால் இந்தக் குறை பெரும்பாலும் ஈடாகிவிடும். ஆனால் குளோரெல்லா என்னும் பச்சை நுண்பாசியை விளக்கொளியில் 25 பாகையில் வளர்ப்பவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அவர்கள் 1.3 சதவீதத்தில் தொடங்கலாம்: ஒரு லிட்டர் வளர்ப்புக்கு நிமிடத்துக்கு அரை லிட்டர் காற்று, அதனுடன் ஆறு முதல் ஏழு மில்லிலிட்டர் வாயு.

இந்த அளவு தொடக்கத்துக்கு மட்டுமே, அதன்பின் நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். மானியைத்தான் நம்ப வேண்டும். ஒளி விழும் நேரத்தில் பி.எச். 8-ஐத் தாண்டினால் பாசி கரிமத்துக்கு ஏங்குகிறது என்று பொருள், 6.5-க்குக் கீழே இறங்கினால் வாயுவைக் குறைக்க வேண்டும். இருளில் ஒளிச்சேர்க்கை நடைபெறாது என்பதால், விளக்குக்கான டைமரிலேயே வாயுவை மின்சாரத்தால் திறந்து மூடும் சொலினாய்டு வால்வையும் இணைத்துவிடுவது நல்லது. மின்சாரம் போனால் தானாக மூடிக்கொள்ளும் வகை வால்வாக அது இருக்க வேண்டும். மழைக்காலத்தில் மின்தடை ஏற்பட்டு, காற்று பம்பு நின்ற பிறகும் சிலிண்டர் மட்டும் வாயுவைத் தள்ளிக்கொண்டிருந்தால், வளர்ப்பு சிறிது நேரத்திலேயே அமிலமாகிவிடும். பம்பு நின்றதும் திரவம் குழாய் வழியே பின்னோக்கி ஏறாதிருக்க, பம்பைக் குடுவையின் நீர்மட்டத்துக்கு மேலே வைத்து, ஒருவழி வால்வும் பொருத்துங்கள்.

வாயு குடுவைக்குள் நுழையுமிடத்தில் 0.2 மைக்ரான் துளையுள்ள, நீர் ஒட்டாத டெஃப்லான் வடிகட்டி தேவை. சாதாரண வடிகட்டியில் ஈரம் கோத்துக்கொண்டால் காற்றோட்டமே நின்றுவிடும்.

சிலிண்டரில் எஞ்சியிருப்பதை அதன் அழுத்தமானியைப் பார்த்துக் கணிக்க முடியாது. உள்ளே திரவம் இருக்கும்வரை மானி காட்டும் அழுத்தம் வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது: 20 பாகையில் சுமார் 57 பார், 10 பாகையில் சுமார் 45 பார். மார்கழிக் காலையில் முள் இறங்கியிருப்பதைக் கண்டு சிலிண்டரை மாற்றுவது வீண்செலவு; எடைபோட்டுப் பார்ப்பதே வழி.

குளிருக்குப் பயந்து சன்னல்களை அடைத்து வைக்கும் வழக்கம் இங்கே கூடாது. கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, கசிந்தால் தரையோரம் தேங்கும். ஆகவே சிலிண்டரைச் சங்கிலியால் சுவரோடு கட்டி, எச்சரிக்கைக் கருவியைத் தாழ்வாகப் பொருத்தி, கீழ்ப்பகுதியில் எப்போதும் ஒரு காற்றுவழியைத் திறந்து வையுங்கள்.